ஜன்னலுக்குக் கீழே தகடு வரிசை

ராதர்ஹாம்
9 பிப்ரவரி 1997

கொழுந்தனார் கிளிஃபர்டுக்கு,

முதலில் நல்ல செய்திகள். பெரிய பேத்தி ஹெலன் வார்டு முழுவதையும் பார்த்துக்கொள்ளும் தலைமை நர்ஸ் ஆகிவிட்டாள். இருபத்துநாலு வயதில் அந்த ஆஸ்பத்திரியில் இதுவரை யாரும் ஆனதில்லையாம். இதைச் சொன்னது ஹெலனேதான், ஆனால் அவள் பொய் சொல்கிறவள் இல்லை. அவள் தம்பி மார்ட்டின் பாலம் கட்டும் படிப்பில் இரண்டாம் வருஷம். போன மாதம் அவன் செய்த அட்டைப் பாலத்தின்மேல் வாத்தியாரே ஏறி நின்றாராம், பாலம் அசையவில்லையாம். சின்ன மகள் வீட்டு ஜூடிக்கு நீச்சலில் வெள்ளி. தங்கம் வாங்கியவள் இவளைவிட ஒரு முழம் உயரம், அதனால் அதைத் தங்கம் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். கடைக்குட்டி சைமன் கிறிஸ்துமஸ் நாடகத்தில் மூன்றாவது ஆடு. மற்ற இரண்டு ஆடுகளும் மேடையில் அழுதன, இவன் அழவில்லை.

போரில் பள்ளிக்கூடத்தை மூடிய வருஷம் ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். என் பேரப்பிள்ளைகள் இப்படி ஆனதை யாரிடமாவது சொல்ல வேண்டாமா? முன்பெல்லாம் முதலில் உங்களுக்குத்தான் எழுதுவேன். உங்கள் அண்ணன் நார்மன் போன பிறகு எழுதவில்லை. மூன்று வருஷமாயிற்று.

இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் பக்கத்து வீட்டு டோரத்தி வாழ்த்து அட்டையில் எழுதியிருந்தாள், நீங்கள் வீட்டை விற்றுவிட்டு அடுக்குமாடிக்குப் போகிறீர்கள், பின்கட்டில் நிற்கும் கேரவனை, நாம் காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போய்ப் படுத்து எழுந்த அந்த வீட்டு வண்டியை, காயலான் கடைக்காரனிடம் கொடுக்கப் போகிறீர்கள் என்று. படித்ததும் அட்டையைக் கீழே வைத்துவிட்டேன். அந்த வண்டியில் பாதி எங்களுடையது. 1954இல் அண்ணனும் தம்பியும் சேர்ந்து வாங்கியது. அதை நார்மன் செத்த வாரமே என் வாசலிலிருந்து இழுத்துக்கொண்டு போனீர்கள். போகட்டும். இப்போது ஹெலனுக்கு அது வேண்டும். கைக்குழந்தையோடு மே மாதக் கடைசி விடுமுறையில் ஃபைலி கடற்கரை வயலில் கேரவன்காரர்கள் கூடும் கூட்டத்துக்கு அதைக் கொண்டுபோக ஆசைப்படுகிறாள். அவள் அம்மா முதன்முதலில் நடந்த வயல் அது.

காயலான் கடைக்காரனுக்கு வண்டியைக் கொடுக்காதீர்கள்.

எட்னா

*

பெரிக்
20 பிப்ரவரி

அண்ணிக்கு,

கடிதம் வந்தது. ஹெலனுக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் என் வாழ்த்து. ஆட்டுக்கும்.

எப்போதும் என்னை 'நீ' என்பீர்கள். இப்போது 'நீங்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். சரி.

போனில் பேசியிருக்கலாம், ஆனால் எனக்குக் காது முன்னைப் போல இல்லை. அதனால் எழுத்தில் சொல்கிறேன். வண்டியை நான் பிடுங்கிக்கொண்டு வரவில்லை. அடக்கம் முடிந்து தேநீர் கொடுத்தபோது நீங்கள் என்னிடம் சொன்ன வார்த்தை இது: "அந்தச் சனியனை என் கண்ணுல படாத இடத்துக்குக் கொண்டு போ." கொண்டு வந்தேன்.

வண்டி இனி ஓடாது. முன்பக்கம் ஓதம் ஏறிப் போய்விட்டது. ஜன்னலுக்குக் கீழே உள்சுவரில் கட்டைவிரலை வைத்து அழுத்தினால் விரல் உள்ளே போகிறது. ஏறினாலே பூசண வாடை. அண்ணன் ஜன்னலைச் சுற்றி அப்பிய சிலிகான் பசை செய்த வேலை அது. நான் அப்போதே சொன்னேன், "அண்ணே, கேரவனுக்கு இறுகாத பசைதான் ஆகும். சிலிகான் இறுகி விட்டுடும், பின்னாலேயே தண்ணி இறங்கும்." அவர் கேட்கவில்லை.

மார்ச் கடைசியில் காயலான் கடைக்காரன் வருகிறான். மே முடிவதற்குள் பின்கட்டைக் காலி செய்து சாவி கொடுக்க வேண்டும்.

கிளிஃபர்ட்

*

ராதர்ஹாம்
25 பிப்ரவரி

கிளிஃபர்டுக்கு,

செத்தவர்மேல் பழி போட நன்றாகக் கற்று வைத்திருக்கிறீர்கள். பதில் சொல்ல அவர் வர மாட்டார், அல்லவா?

சிலிகான் அல்ல, உங்கள் தார்பாய். டோரத்தி எழுதியிருக்கிறாள், மூன்று குளிர்காலமும் வண்டியைத் தார்பாயால் இறுக்கிக் கட்டி வைத்திருந்தீர்களாம். கேரவனை மூடிக் கட்டினால் உள்ளுக்குள் வேர்த்துச் செத்துப்போகும் என்று முதல் வருஷம் வண்டி வைத்திருப்பவனுக்குக்கூடத் தெரியும். அது மூச்சுவிட வேண்டாமா? நார்மன் குளிர்காலத்துக்கு நிறுத்தும்போது மூக்கைக் கொஞ்சம் தூக்கி நிறுத்துவார், மழை பின்பக்கம் வழிந்துபோக. அலமாரிக் கதவு எல்லாம் திறந்திருக்கும். மெத்தைகளைச் சுவரில் படாமல் நடுவில் நிமிர்த்தி வைப்போம். ஈரத்தை இழுக்க நான் கிண்ணத்தில் உப்பு வைப்பேன். என் வாசலில் இருந்தவரை ஒரு பொட்டு ஓதம் கிடையாது.

'கொண்டு போ' என்று சொன்னேன். இல்லை என்று சொல்லவில்லை. புருஷனைப் புதைத்துவிட்டு வந்தவள் என்னென்னவோ சொல்வாள். ஒரு தரம் "நெசமாவா அண்ணி?" என்று கேட்டிருக்கக் கூடாதா? மறுநாள் காலை எழுந்து திரையை விலக்கினேன். வாசல் காலியாக இருந்தது. நார்மன் இரண்டாம் தடவை போனது போல இருந்தது.

நீங்கள் மறந்திருப்பீர்கள். எனக்கு எல்லாம் நினைவிருக்கிறது. முதல் தடவை ஃபைலிக்குப் போனோம், ஒரு வாரமும் விடாத மழை. எட்டுப் பேர் அந்தப் பெட்டிக்குள். உங்கள் மேவிஸ் குனிந்த வாக்கில் பன்றிக்கறி வறுப்பாள், நான் அவளைத் தாண்டித் தேநீர்க் கெண்டியை எடுப்பேன். ஓரகத்திகள் இரண்டு பேரும் இடுப்பை இடித்துக்கொண்டே சிரிப்போம். ராத்திரி கூரையில் மழை விழும் சத்தத்தில் பிள்ளைகள் தூங்கிவிடும். நார்மன் சொல்வார், "அரமணைல படுத்தாலும் இந்தத் தூக்கம் வராது எட்னா." அந்தச் சத்தத்தைக் கேட்டு ஆறு வருஷம் இருக்கும். என் வீட்டு ஓட்டுக் கூரையில் மழை பெய்தால் பெய்வதே தெரிவதில்லை.

அந்த வண்டியை வயலில் யாரும் சாதாரணமாகப் பார்த்துவிட்டுப் போனதில்லை. கூட்டத்துக்குக் கூட்டம், வந்ததற்கு அடையாளமாக ஊர்ப் பெயர் போட்டுக் கொடுக்கும் எனாமல் தகடுகள் நம்மிடம் நாற்பதுக்கு மேல் இருந்தன. நார்மன் சொன்னார், "எல்லாரும் கதவுக்கு உள்பக்கந்தான் மாட்டுறாங்க, நாமளும் அங்கயே மாட்டுவோம்." நான் விடவில்லை. "உள்ள மாட்டுனா எவனுக்குத் தெரியும்? வயலுக்குள்ள நுழையிறவன் கண்ணுல முதல்ல அதுதான் படணும்." "அப்போ பசை போட்டு ஒட்டவா?" என்றார். "ஒட்டுனா நாலு மழை தாங்குமா? திருகாணி போட்டு முடுக்குங்க." முன் ஜன்னலுக்குக் கீழே மூன்று வரிசை. வெயில் பட்டால் ராணுவத்தான் மார்பு மாதிரி மின்னும். அந்தத் தகடுகளுக்குப் பக்கத்தில் நார்மன் கைகட்டி நிற்கும் படம் கணப்பு மேடைமேல் இருக்கிறது. தினமும் துடைக்கிறேன்.

முடியாவிட்டால் சொல்லுங்கள், ஹெலன் வீட்டுக்காரன் வந்து இருக்கிற மேனிக்கு இழுத்து வருவான். ஒரு மண்ணெண்ணெய் அடுப்பை உள்ளே ஏற்றி வைத்தால் ஒரு வாரத்தில் காய்ந்துவிடும். அதற்குக்கூடவா சோம்பேறித்தனம்?

எட்னா

*

பெரிக்
23 மார்ச்

அண்ணிக்கு,

காயலான் கடைக்காரனை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இதற்கு நீங்கள் நன்றி சொல்ல வேண்டாம். எழுதியது போதும்.

மண்ணெண்ணெய் அடுப்பு ஏற்றினால் அதுவே ஆவியாகத் தண்ணீர் கக்கும். காய வைக்கப் போய்க் குளிப்பாட்டின கதை ஆகிவிடும். மின்சார எண்ணெய் ஹீட்டர் இரண்டு வைத்து, ஜன்னல்களை விரற்கடை திறந்து விட்டிருக்கிறேன்.

'நெசமாவா' என்று ஏன் கேட்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். கேட்டால் நீங்கள் அழுதுவிடுவீர்களோ என்று பயந்தேன். நீங்கள் அழுது நான் பார்த்ததில்லை. எப்படி நிற்பது என்று தெரியவில்லை. அதனால் விடிவதற்கு முன்னாலேயே வண்டியை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

வேலை இப்படிப் போகிறது. முன்பக்க இருக்கைப் பெட்டிகளைக் கழற்றினேன். உள்சுவர்ப் பலகையை உரித்தேன். தேநீரில் நனைத்த பிஸ்கட் மாதிரி கையோடு வந்தது. உள்ளே மரச் சட்டம், ஜன்னலுக்குக் கீழே குறுக்காக ஓடுவது, அதைக் கரண்டியால் அள்ளினேன். நல்ல மரம் எங்கே தொடங்குகிறதோ அதுவரை வெட்ட வேண்டும். குத்தூசியால் குத்திக்கொண்டே போகிறேன், ஊசி இறங்காத இடம்தான் நல்ல இடம். நான் நினைத்ததைவிடத் தள்ளிப் போய்க்கொண்டே இருக்கிறது. டிப்போவில் முப்பது வருஷம் பஸ்ஸுக்குப் பாடி கட்டியவன் நான், இவ்வளவு அழுகலைப் பார்த்ததில்லை. இருந்தாலும் மூலைகள் நன்றாக இருக்கின்றன. கூரையும் நன்றாக இருக்கிறது.

தண்ணீர் எங்கே நுழைந்தது என்று இன்னும் தெரியவில்லை. அது தெரியாமல் புதுப் பலகை அடித்து மூடினால் மூன்றே வருஷத்தில் மறுபடி இதே கதை. வெளிப்பக்கத்தை அடுத்த வாரம் பார்க்கிறேன். தெரிந்த பிறகு சண்டையைத் தொடரலாம்.

இருக்கைப் பெட்டிக்குப் பின்னால் ஒரு சீட்டு சொருகியிருந்தது. இஸ்பேடு ஆஸ். தவறி விழுந்தது இல்லை, அழகாக ஒரு ஆணியில் செருகி வைத்திருந்தது. மேவிஸ் உட்காரும் பக்கம். ஒரு ஆட்டத்திலும் அவள் ஏன் தோற்கவில்லை என்று இப்போது புரிகிறது. சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வண்டிப் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வேலை ஓடவில்லை.

கிளிஃபர்ட்

*

ராதர்ஹாம்
2 ஏப்ரல்

கிளிஃபர்டுக்கு,

கள்ளி. அவளோடு பந்தயம் கட்டித்தான் நான் பத்து வருஷம் பாத்திரம் கழுவினேன். இஸ்பேடு ஆஸ் காணோம் என்று நார்மனைத் திட்டி, அவர் சட்டைப் பையை எல்லாம் துழாவியிருக்கிறேன். அப்போது மேவிஸ் எவ்வளவு அமைதியாகப் பின்னிக்கொண்டிருந்தாள் தெரியுமா? ஊசி ஒரு தரம்கூட நிற்கவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்துவிட்டாள்.

அந்தச் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். வேலை முடிந்ததும் இருந்த இடத்திலேயே சொருகி வையுங்கள்.

ஜூடிக்கு இன்னொரு பதக்கம், இந்தத் தடவை நிஜத் தங்கம். உயரமானவளுக்கு அம்மை போட்டிருந்தது. போட்டிக்கு வரவில்லை. அதனால் என்ன, தங்கம் தங்கம்தான்.

ஹெலன் தொட்டில் வைக்க இடம் அளந்து கேட்டாள். இரண்டு இருக்கைக்கும் நடுவில் சரியாகப் பொருந்தும் என்று சொன்னேன். அவள் அம்மாவின் தொட்டில் அங்கேதான் இருந்தது. மே மாதத்துக்குள் ஆகிவிடும் என்று அவளிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன். உங்களைக் கேட்காமல்தான். என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதீர்கள்.

தண்ணீர் எங்கே நுழைந்தது? எனக்குப் பதில் தெரியும். உங்கள் வாயால் கேட்க வேண்டும் என்று காத்திருக்கிறேன்.

எட்னா

*

பெரிக்
27 ஏப்ரல்

அண்ணிக்கு,

வண்டி தயார். சட்டத்துக்குப் புது மரம் சீவிப் பழைய மரத்தோடு சாய்வாக ஒட்டினேன். புதுப் பலகை அடித்தாயிற்று. கூடாரம் மாட்டும் அலுமினியப் பட்டையைக் கழற்றி, புதுப் பசை வைத்துத் திரும்ப முடுக்கினேன். ஜன்னலுக்கும் அப்படியே. நேற்று தோட்டக் குழாயால் அரை மணி நேரம் அடித்துப் பார்த்தேன். உள்ளே ஒரு சொட்டு இல்லை. தொட்டில் இடத்தில் ஒரு வளையம் வைத்திருக்கிறேன், வண்டி ஆடினால் கட்டிக்கொள்ள.

தார்பாய்தான். நீங்கள் சொன்னதே சரி.

முன்பக்க அலுமினியத் தகட்டை முழுக்கவே மாற்றிவிட்டேன், புதிது, ஒரே துண்டு. பழையது நசுங்கி அசிங்கமாக இருந்தது. உங்கள் எனாமல் தகடுகளைப் பிஸ்கட் டப்பாவில் போட்டுத் தனித் தபாலில் அனுப்புகிறேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வண்டி மொட்டையாக இருந்தால்தான் பிடிக்கிறது. ஹெலனுக்கு வேண்டுமென்றால் கதவுக்கு உள்பக்கம் மாட்டிக்கொள்ளட்டும்.

இஸ்பேடு ஆஸ் இருந்த இடத்தில் இருக்கிறது.

டோரத்தியின் மகன் வண்டியை ஃபைலிக்கு இழுத்து வந்து கொடுப்பான். நான் வரவில்லை. மேவிஸும் அண்ணனும் இல்லாத வயலில் எனக்கு என்ன வேலை? சாமான்களைக் கட்டுகிற வேலையும் இருக்கிறது.

கிளிஃபர்ட்

*

ராதர்ஹாம்
4 மே

தம்பி கிளிஃபர்டுக்கு,

உன் கடிதம் வந்த அன்று பிங்கோ ஹாலில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். "எங் கொழுந்தன் ஒத்துக்கிட்டான், தார்பாய்தானாம்." ஒருத்தி தேநீர்கூட வாங்கிக் கொடுத்தாள். அன்று ராத்திரி ராணி மாதிரி தூங்கினேன்.

டப்பா இரண்டு நாள் கழித்து வந்தது. திறக்கும்போது எனக்குக் கோபம்தான். என் தகடுகளைக் கழற்ற உனக்கு யார் உரிமை கொடுத்தது, உன்னிடம் அவ்வளவு இல்லையே என்கிற பொறாமையா என்று நாலு பக்கம் எழுத மனதுக்குள் வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். மேசைமேல் செய்தித்தாள் விரித்து ஒவ்வொன்றாகத் துடைத்தேன். இது ஸ்கார்பரோ, ஜூடியின் அம்மாவுக்கு அங்கேதான் பல் முளைத்தது. இது விட்பி, நார்மன் கூடாரக் கம்பி தடுக்கிப் பாதிரியார்மேல் விழுந்த வருஷம். திருகாணி எல்லாவற்றையும் நீ எடுத்து எறிந்திருந்தாய். கவனமாகத்தான் செய்திருக்கிறாய். ஆனால் உனக்குக் கண்ணும் காது மாதிரி ஆகிவிட்டது. ஃபைலித் தகட்டில் ஒரு திருகாணி துருப்பிடித்து ஒட்டிப்போய் அப்படியே இருந்தது. அதன் நுனியில் கறுப்பாக மரம். விரலால் தொட்டேன். ஈரக் கேக் மாதிரி உதிர்ந்தது.

தார்பாய்க்குத் திருகாணி கிடையாது, கிளிஃபர்ட்.

அப்புறம் உன் பழைய கடிதங்களை எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன். கூரை நன்றாக இருக்கிறது, மூலைகள் நன்றாக இருக்கின்றன என்று நீதான் எழுதியிருக்கிறாய். தார்பாய்க்குள் வேர்த்திருந்தால் முதலில் கூரைதானே போகும்? ஜன்னலுக்குக் கீழே, என் தகடுகளை மூன்று வரிசையாகத் திருகியிருந்த இடத்தில் மட்டும் அழுகுமா? நான் ஐந்தாம் வகுப்புதான். ஆனால் நாற்பது வருஷம் அந்த வண்டிக்குள் படுத்து எழுந்தவள். அது எங்கே ஒழுகும், எங்கே ஒழுகாது என்று எனக்குத் தெரியாதா?

நாற்பத்தைந்து வருஷமாக உன்னைத் தெரியும். ஒரு தரமாவது "நீங்க சொன்னதே சரி அண்ணி" என்று சொல்லியிருக்கிறாயா? கல்யாணத்துக்கு எந்தத் தொப்பி போடுவது என்று கேட்டால்கூட மறுத்துத்தான் பேசுவாய். ஒரே வரியில் நீ ஒத்துக்கொண்டபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எனக்குத்தான் சந்தோஷத்தில் புத்தி வேலை செய்யவில்லை.

பிங்கோ ஹாலில் சொன்னதை நான் மாற்றிச் சொல்லப் போவதில்லை. அவர்களுக்கு அது தெரிய வேண்டியதில்லை. ஆனால் தார்பாய்ப் பேச்சை இனி நான் எடுக்க மாட்டேன், உன்னிடமும் சரி, யாரிடமும் சரி. சிலிகான் பேச்சை நீயும் எடுக்காதே. நார்மன் பாவம், அவர் உள்பக்கம் மாட்டலாம் என்று சொன்ன மனிதர்.

தகடுகளை ஒரு நீளப் பச்சை நாடாவில் தைத்திருக்கிறேன். ஒரு தகட்டுக்கு நாலு தையல். கதவுக்கு உள்பக்கம் ஒரு கொக்கியில் தொங்கும், சுவரில் ஒரு ஓட்டை கிடையாது. ஃபைலித் தகட்டை மட்டும் அந்தத் திருகாணியோடு என் தையல் பெட்டியில் வைத்துக்கொண்டேன்.

இப்போது முக்கியமான விஷயம். டோரத்தியின் மகன் இழுத்து வர வேண்டாம். கேரவனைத் திருப்பத் தெரியாதவன் அவன், போன வருஷம் கேட் தூணை இடித்ததை அவளே எழுதியிருந்தாள். நீயே கொண்டு வா. மேவிஸ் இல்லாத வயலில் என்ன வேலை என்று கேட்கிறாய். எனக்கு மட்டும் என்ன வேலையாம்? நார்மன் போன பிறகு அந்தக் கதவைத் திறந்து உள்ளே ஏறியதில்லை நான். தனியாக ஏறினால் கால் வராது. நீ முன்னால் ஏறிக் கெண்டியை அடுப்பில் வை, நான் பின்னால் வருகிறேன். ஹெலன் குழந்தையைத் தொட்டிலில் போடட்டும். மழை வந்தால் உட்கார்ந்து கேட்போம். வராவிட்டால் சீட்டு ஆடுவோம். நான் மேவிஸ் உட்காரும் பக்கம் உட்கார்ந்துகொள்கிறேன், அதை இப்போதே சொல்லிவிட்டேன்.

சைமனுக்கு இந்த மாதம் முதல் பல் விழுந்தது. வகுப்பிலேயே முதல் ஆள். ஹெலன் குழந்தை உட்கார ஆரம்பித்துவிட்டது, அந்த வயதுக்கு அது ரொம்பச் சீக்கிரமாம்.

கணப்பு மேடையில் நார்மன் படத்துக்குப் பக்கத்தில் குதிரை பொம்மை ஒன்று இருந்தது. அதை எடுத்து வேறிடத்தில் வைத்துவிட்டு இடம் பண்ணியிருக்கிறேன். கிளம்புவதற்கு முன்னால் டோரத்தியைக் கூப்பிட்டு ஒரு படம் எடுக்கச் சொல். வண்டியின் முன்பக்கம் முழுக்கத் தெரிய வேண்டும், தகடு ஒன்றும் இல்லாத அந்த மொட்டை முகம். பக்கத்தில் நீ நில், அண்ணனைப் போலக் கையைக் கட்டிக்கொண்டு. நல்ல சட்டை போட்டுக்கொள். அந்தப் புதுப் போட்டோவை உடனே தபாலில் சேர்த்துவிடு.

உன் அண்ணி
எட்னா